மார்கழியில ஏது மல்லி?

உங்கள் வீட்டில் எங்காவது நீங்களே வரைந்த ஒரு வாட்டர்கலர் ஒளிந்துகிடக்கிறதா? மெத்தைக்கு அடியில், ரேஷன் கார்டு வைக்கிற பைக்குள், பிள்ளைகளின் பழைய பரீட்சைப் பேப்பர் கட்டுக்கு நடுவில்? இருந்தால் தயவுசெய்து இப்போதே எழுந்துபோய் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் சொல்லப்போவது முழுக்க உங்களுக்குத்தான், ஐயோ, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, அவ்வளவு இருக்கிறது சொல்ல! நான் என் படத்தைத் தரையில் வைத்தேன். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி நடைபாதையில் வைத்தேன். வானம் இடிந்து விழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பூக்காரம்மா என்னோடு சண்டைக்கு வந்தார். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான சண்டை வேறு கிடையாது! கொஞ்சம் பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

பகலில் நான் கணக்கு எழுதுகிற ஆள். ஆடிட்டர் ஆபீஸ், அடுத்தவர் வரவு செலவு, ஜிஎஸ்டி, மார்ச் மாதம் வந்தால் தூக்கம் போச்சு. ராத்திரி வீடு அடங்கிய பிறகு சமையல் மேடையில் விளக்கைப் போட்டுக்கொண்டு வரைவேன். கேமல் கலர் கேக் டப்பாவில் ஆரம்பித்து, ட்யூபுக்கு மாறி, பேராசை முற்றி 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம் வரைக்கும் போயாச்சு. சரி, வரைந்து முடித்ததும் அதை என்ன செய்வேன் என்கிறீர்கள்? காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக வருமான வரிக் கோப்புக்குள் செருகிவிடுவேன். எங்கள் வீட்டில் யாரும் விரும்பித் திறக்காத ஒரே பொருள் அதுதான்! பல வருஷத்துச் சூரிய உதயங்கள், தென்னந்தோப்புகள், மழையில் நனையும் பஸ் ஸ்டாண்டுகள், எல்லாம் ஃபார்ம் 16-களுக்கு நடுவில் மூச்சுமுட்டிக் கிடந்தன.

ஏன் ஒளித்தேன் என்று கேட்காதீர்கள், ஓவியர் சில்பியைப் பார்த்து வளர்ந்த கண் இது! ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று அவர் கோயில் கோயிலாய்ப் போய் வரைந்ததையெல்லாம் எங்கள் தாத்தா வெட்டி பைண்டு செய்து வைத்திருந்தார். மனுஷன் யாளியின் பல்லைக்கூட விடமாட்டார். அந்தப் பக்கம் பார்த்தால் கல்கியில் மணியம், 1950-இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு அவர் போட்ட குந்தவையும் நந்தினியும், அடடா, அந்தக் கொண்டை அலங்காரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்! இவர்களைப் பார்த்துவிட்டு என் கோபுரத்தைப் பார்த்தால், அது இடது பக்கம் சாய்ந்துகொண்டு “என்னை மன்னிச்சிடுங்க” என்று நிற்கும். எதற்கு வம்பு, கோப்பே துணை!

அதிலும் வாட்டர்கலர் இருக்கிறதே, அது பொல்லாத பிறவி. எண்ணெய் வண்ணம் என்றால் பிடிக்காததைச் சுரண்டிவிட்டு மேலே இன்னொன்றைப் பூசி மறைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இங்கே பூச்சுகள் ஒளி ஊடுருவக் கூடியவை, கீழே நடந்தது அத்தனையும் மேலே தெரியும். பாதி காய்ந்த இடத்தைப் பொறுமையில்லாமல் ஈரத் தூரிகையால் தொட்டீர்களோ, போச்சு, புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரம் கட்டி, நடுவில் பெரிய காலிஃப்ளவராகப் பூத்துவிடும். சரிசெய்கிறேன் பேர்வழி என்று மறுபடி மறுபடி தேய்த்தால் சேறுதான் மிஞ்சும். துணிந்து ஒரே இழுப்பில் இழுத்த இடம் பளிச்சென்று இருக்கும், கை நடுங்கிய இடம் நடுங்கியபடியே காய்ந்து நிற்கும். என் சுமாரான வரைதிறன் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. எந்தெந்த இடத்தில் எனக்குப் பயம் வந்தது என்பதற்கே அது வரைபடம்! அதைப் போய் நாலு பேரிடம் எப்படி நீட்டுவது, சொல்லுங்கள்?

மாட்டிக்கொண்டது லிஃப்ட்டில். எங்கள் பிளாக்கில் ஒரு பையன் இருக்கிறான், அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறான், 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பள்ளி அது, ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். அந்தப் பையன் ஒரு காலை என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“அங்கிள், நகத்துல அல்ட்ராமரினா?”

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. “பேனா மை, தம்பி.”

“பேனா மை இப்படித் துகள் துகளா உட்காராது அங்கிள். அல்ட்ராமரின்தான் இப்படி உட்காரும்.”

கேட்டீர்களா! என்ன கண்ணய்யா அந்தப் பையனுக்கு! அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, அல்ட்ராமரின் துகள்கள் கூட்டம் கூட்டமாய்த் திரளும், தண்ணீர் வற்ற வற்ற அது காகிதத்தின் குழிகளைத் தேடிப் போய் இறங்கிவிடும், அதனால்தான் அந்த நீலத்தில் எப்போதும் ஒரு மணல் பொலபொலப்பு இருக்கும், ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் கல்லை இடித்துத்தான் அதை எடுத்தார்கள், 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கற்றபிறகுதான் என்னைப்போன்ற குமாஸ்தாவின் நகத்துக்கும் அது எட்டியது… பாருங்கள், எங்கோ போய்விட்டேன்! அல்ட்ராமரின் என்று ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

கீழ்த்தளம் வருவதற்குள் பையன் முடிவு செய்துவிட்டான். “ஞாயித்துக்கிழமை வாங்க அங்கிள். கபாலி கோயில் குளம், காலையில ஆறரைக்கு. அவங்கவங்களுக்குப் பிடிச்ச இடத்துல உட்கார்ந்து வரைவோம். முடிஞ்சதும் எல்லாரும் நோட்டைத் தரையில வைக்கணும். அது ஒண்ணுதான் ரூல்.”

தரையில் வைப்பது என்பது உலகம் முழுக்க இருக்கிற பழக்கமாம். 2007-இல் சியாட்டிலில் காப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிவைத்த ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம், இன்று எத்தனையோ நாடுகளில் இருக்கிறது. இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததை வரையவேண்டும். பிறகு எல்லா நோட்டுகளையும் ஒன்றாகப் பரப்பிவைத்துச் சுற்றி நின்று பார்க்கவேண்டும். பரிசு கிடையாது, மதிப்பெண் கிடையாது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, ஆனால் அந்த ரூல் மட்டும் உண்டு. எனக்கு அந்த ரூலை நினைத்தாலே வயிற்றைப் பிசைந்தது. போகக்கூடாது என்று சனிக்கிழமை இரவு வரைக்கும் உறுதியாக இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே எழுந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்!

இப்போது நீங்களும் என்னோடு வாருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இல்லை, வேண்டாம், திறந்தே வைத்திருங்கள், ஒன்றையும் விட்டுவிடக்கூடாது! மார்கழிக் காலை. மாட வீதி முழுக்கக் கோலம், ஒன்றை மிதிக்காமல் இன்னொன்றைத் தாண்ட முடியாது. பாபநாசம் சிவன் பஜனை பாடிக்கொண்டு நடந்த அதே வீதிகளில் இன்றும் ஜால்ரா சத்தம், அது ஒரு முனையில் திரும்பி மறைந்து இன்னொரு முனையில் கேட்கிறது. எங்கிருந்தோ டிகாக்ஷன் வாசனை, எங்கிருந்தோ வெண்பொங்கலில் மிளகு பொரிகிற வாசனை. குளத்துத் தண்ணீர்மேல் மெல்லிசாய்ப் பனி, நீராழி மண்டபத்தின் கால்கள் அதில் பாதி கரைந்திருக்கின்றன. மேற்குக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள்: முன்னால் மேற்கு வாசல் கோபுரம், பின்னால் ஏறத்தாழ 120 அடி ராஜகோபுரம், அதற்கும் பின்னால் சூரியன். மத்தியானத்தில் அந்தக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, பச்சையும் நீலமும் ரோஜாவும் ஆயிரம் பொம்மைகளுமாய் மலைக்கவைக்கும். ஆனால் இந்தக் காலை நேரத்தில், சூரியன் முதுகுப் பக்கம் இருப்பதால், எல்லா வண்ணமும் எல்லாப் பொம்மையும் ஒரே ஊதாச் சாம்பலுக்குள் போய் அடங்கிவிடுகின்றன. யாளியின் பல் தெரியவே தெரியாது! கற்பகாம்பாளே எனக்காக ஏற்பாடு செய்துகொடுத்த சலுகை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பூக்கடைக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து மடக்கு நாற்காலியைப் போட்டேன். பெரிய குடை ஒன்று, அதன் சிவப்பு வெளுத்துப்போய் ஆரஞ்சாகியிருந்தது, அதன் கீழே கூடைகள், சாமந்தி மஞ்சள், அரளி, துளசிக் கட்டு, தட்டில் தண்ணீர் தெளித்த ஏதோ வெள்ளைப் பூக்கள். காகிதத்தை நனைத்தேன். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன், பரப்பு முழுக்கப் பளபளப்பு. அடியில் இளமஞ்சள், மேலே போகப் போக ரோஜா, அப்புறம் அல்ட்ராமரினைத் தொட்டு வானத்தின் உச்சியில் ஒரே ஒரு கோடு… அது கிளம்பியது பாருங்கள்! அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு வருகிற அந்தக் கணத்தில் நமக்கு ஒரு பதற்றமும் ஒரு மகிழ்ச்சியும் சேர்ந்து வருமே, அதுதான், அதேதான், நீலம் பூத்து விரிந்து மஞ்சளைத் தேடிக்கொண்டு இறங்குகிறது, நிறுத்தவா விடவா என்று கை தவிக்கிறது, விடு, விடு, விட்டுவிடு! விட்டேன். அது தானாகவே நின்றது. பனிக்காற்றில் பூச்சு காயவே காயாது, அது காய்கிற நேரத்தில் குடையைப் பிடித்தேன், கூடைகளைப் பிடித்தேன், வெள்ளைப் பூத்தட்டு இருந்த இடத்தில் வண்ணமே வைக்காமல் காகிதத்தை அப்படியே விட்டேன் (வாட்டர்கலரில் வெள்ளை என்றால் அதுதான், எதையும் பூசாமல் விடுகிற இடம்), பிறகு அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னாவைக் கலந்து அந்தச் சாம்பலைச் செய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தை இறக்கினேன். என் பெயர் எனக்கு மறந்துபோயிருந்தது. ஜிஎஸ்டி மறந்துபோயிருந்தது. யாரோ பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனதுகூட அவர் போனபிறகுதான் தெரிந்தது.

“அங்கிள், டைம் ஆச்சு. தரையில வைங்க.”

அப்போது வந்தது பாருங்கள் அந்தப் பழைய பயம், ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியது. கோபுரம் சாய்ந்திருந்தது. வழக்கம்போல இடதுபக்கம். பக்கத்தில் ரிட்டயர்டு தலைமையாசிரியை ஒருவர் தன் நோட்டை வைத்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர் ஒருவர் வைத்தார். அப்பாவோடு வந்திருந்த ஒரு சிறுமி வைத்தாள். பையன் தன்னுடையதை வைத்தான், நாலைந்து இங்க் கோட்டில் மொத்தக் குளமும் இருந்தது அதில், பார்த்ததும் எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. “எனக்கு இன்னும் காயல” என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். “தரையில காயட்டும் அங்கிள்” என்றான். குனிந்து வைத்தேன். வைத்துவிட்டு, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே நானே ஆரம்பித்தேன், “கோபுரம் கொஞ்சம் சாஞ்சிடுச்சுங்க…”

தலைமையாசிரியை என் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. “இந்தக் குடை எங்க சார் இருக்கு?” என்று கேட்டபடி தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தார். “அட, ஆமா! இவ்ளோ பெரிய குடை, நான் பார்க்கவே இல்லியே!” உடனே ரயில்வேக்காரர் திரும்பிப் பார்த்தார். சிறுமியின் அப்பா திரும்பிப் பார்த்தார். நான் தலைமையாசிரியையின் நோட்டைப் பார்த்தேன், ஐயையோ, அந்த அம்மா கோபுரத்தை வரையவே இல்லை, கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை வரைந்திருந்தார், ஜோடி ஜோடியாய்ச் செருப்புகள், அதில் ஒரு ஹவாய் செருப்புக்கு மட்டும் ஜோடி இல்லை! நான் எழுந்துபோய்த் தேடிப் பார்த்தேன், உண்மையாகவே அந்த ஒற்றைச் செருப்பு அங்கே கிடந்தது! ரயில்வேக்காரர் வாத்துகளை மட்டும் வரைந்திருந்தார். சிறுமி குளம் முழுக்க அடைக்கிற மாதிரி ஒரே மீன். புரிகிறதா என்ன நடந்தது என்று? ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை! படத்தைப் பார்த்தார்கள், உடனே தலையைத் தூக்கி ஊரைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ஒரே இடத்தில், ஒரே நேரம் உட்கார்ந்திருந்தோம், ஆனால் தங்களிடம் தப்பிப்போன ஏதோ ஒன்று அடுத்தவர் காகிதத்தில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நான் இத்தனை வருஷம் கோப்புக்குள் வைத்துப் பூட்டியது என் திறமைக் குறைவை அல்ல, மற்றவர்கள் பார்க்காமல் விட்ட குடைகளை! தலைமையாசிரியை கடைசியில் கோபுரத்துக்கும் வந்தார், வந்து என்ன சொன்னார் தெரியுமா? “கோபுரம் சாஞ்சிருக்கு, ஆனா தண்ணியில தெரியற கோபுரம் நேரா இருக்கே, அதெப்படி சார்?” எல்லாரும் சிரித்தார்கள், நான்தான் அதிகம் சிரித்தேன், சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் பூக்காரம்மா எழுந்து வந்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தவர், என்னுடையதற்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, இது நம்ம கடையா?”

“ஆமாம்மா.”

“குடை நம்ம குடைதான்.” விரல் குடையிலிருந்து கூடைக்கு இறங்கியது. “சாமந்தி சரி. அரளி சரி. இது என்ன வெள்ளை வெள்ளையா?”

நான் மிகவும் பணிவாக விளக்க ஆரம்பித்தேன், “அது வந்தும்மா, வெளிச்சம் படற மாதிரி தெரியணும்னு கலர் வைக்காம…”

“மல்லி வச்சிருக்க நீ! மார்கழியில ஏது மல்லி? பனி கொட்டுது, வரத்தே கெடையாது, வெலையக் கேட்டா மயக்கம் வரும். நான் இன்னிக்கு மல்லியே எடுக்கல. இதப் பார்த்துட்டு எவளாச்சும் வந்து ரெண்டு முழம் குடுன்னு நின்னா நான் எங்க போவேன்?”

“அம்மா, அது மல்லி இல்லம்மா…”

“பின்ன?”

அங்கே வட்டமாக நின்றிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் திருதிருவென்று விழிக்கிறேன். அந்த அம்மாவே கொஞ்சம் யோசித்து, கண்ணைச் சுருக்கி, தீர்ப்புச் சொன்னார்: “சரி, சம்பங்கின்னு வச்சுக்கறேன். சம்பங்கி இருக்கு.” பிறகு எழுந்துகொண்டே, “இப்ப வந்து வரைஞ்சிருக்கியே, கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்லாத மாசம், கூடையில என்ன இருக்கும்? தை பொறக்கட்டும், முகூர்த்தம் வரும், கடை வழியும். அப்ப வா” என்றார். ரெண்டடி போய், பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார், “ஏ, இங்க வந்து பாரு, என் குடையப் போட்டிருக்காங்க!”

ஐயா, அம்மா, இதை எப்படிச் சொல்வது உங்களுக்கு! நான் பூசாமல் விட்ட இடம், காலிக் காகிதம், வெறும் காகிதம், அதில் அந்த அம்மா பூவைப் பார்த்தார், அதுவும் எந்தப் பூ, என்ன விலை, இந்த மாதத்தில் வருமா வராதா என்கிற வரைக்கும் பார்த்தார்! என் கையெழுத்தை, என் நடுக்கத்தை, என் சாய்ந்த கோபுரத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை, அவருக்கு அது படமே இல்லை, அவருடைய கடை, கடையில் சரக்குக் கணக்கு தப்பாக இருக்கிறது, அவ்வளவுதான் வழக்கு! பல வருஷமாக ராத்திரி ராத்திரி எனக்குள் உட்கார்ந்து “இதெல்லாம் ஒரு படமா” என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, திறந்தால் மட்டும் என்ன, மார்கழியில் மல்லி கிடைக்குமா கிடைக்காதா என்ற பெரிய விவாதத்துக்கு நடுவில் அவன் பேச்சை யார் கேட்பார்கள்? சந்தேகம் என்பது ஆளில்லாத இடத்தில் மட்டும் சத்தமாகப் பேசுகிற பேர்வழி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவனுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது! இன்னும் நன்றாக வரையக் கற்றுக்கொண்டபிறகு காட்டலாம், காட்டலாம் என்று தள்ளிப்போட்டேனே, நன்றாக வரைவதால் அவன் போகவே மாட்டான், தரையில் வைத்தால்தான் போவான்.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஷேர் ஆட்டோ டிரைவரிடம் காட்டினேன். வாட்ச்மேனிடம் காட்டினேன். சிலிண்டர் கொண்டுவந்தவரை நிற்கவைத்துக் காட்டினேன், பாவம், தோளில் சிலிண்டரோடு நின்று பார்த்தார். மனைவியிடம் நோட்டை நீட்டிவிட்டுப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாணவனாக நின்றேன், அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு, “ஏங்க, அவ்ளோ தூரம் போய்ட்டு அந்த சம்பங்கியில ரெண்டு முழம் வாங்கிட்டு வரக்கூடாதா?” என்றாள். சம்பங்கி! நான் அவளிடம் பூக்காரம்மாவின் தீர்ப்பைச் சொல்லவே இல்லை! நான் அங்கேயே குதித்தேன், கீழ்வீட்டுக்காரர்கள் என்ன சத்தம் என்று கேட்டிருப்பார்கள். அன்று மத்தியானமே வருமான வரிக் கோப்பைத் திறந்து எல்லாப் படத்தையும் ஹால் தரையில் பரப்பினேன். அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள், எங்கள் ஊர்ப் பழைய வீட்டை நினைவிலிருந்து வரைந்த ஒரு படத்தின்முன் நின்றாள். “கொல்லையில முருங்கை மரத்தை விட்டுட்டியேடா” என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்தாள், அந்த மரத்தை யார் வைத்தது, எந்தப் புயலில் சாய்ந்தது, அதன் கீழே யார் யாருக்கு எந்தச் சண்டை நடந்தது என்று இருட்டும்வரை பேசினாள், நான் அதுவரை கேட்டே இராத கதைகள், நான் வரையாமல் விட்ட ஒரு மரத்திலிருந்து! இந்தப் படம் கோப்புக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தக் கதையெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், நெஞ்சு பதறுகிறது.

அப்புறம் ஆர்வம் தாங்காமல் படிக்க ஆரம்பித்தேன். தாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-இலேயே நோபல் பரிசு வாங்கியவர், உலகமே கவிஞர் என்று கொண்டாடுகிறது, ஓவியத்தை முறையாகக் கற்றவர் இல்லை. கையெழுத்துப் பிரதியில் அடித்த அடித்தல்களைக் கோட்டால் இணைத்து விலங்காக்கி, பறவையாக்கி, அதிலிருந்து அறுபதுக்கு மேல் மும்முரமாகப் படம் போட ஆரம்பித்தார். முதல் கண்காட்சி எப்போது? 1930-இல், எழுபதை நெருங்கும் வயதில், பாரிசில் பிகால் கலைக்கூடத்தில், தோழி விக்டோரியா ஓகாம்போவின் உதவியோடு! அந்த ஒரே வருஷத்தில் பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் என்று படங்கள் சுற்றின. ஏற்கெனவே சேர்த்துவைத்த பெயரையெல்லாம் பணயம் வைத்து, தெரியாத ஒரு கலையைக் கொண்டுபோய்த் தெரியாத ஊரில் மாட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்கென்ன, இழக்கப் பெயரா இருக்கிறது? நம் ஓவியர் மனோகர் தேவதாஸ் இருந்தாரே, மதுரையை இங்க் கோட்டில் அணு அணுவாக வரைந்தவர், கண் நோயால் பார்வை சின்னத் துளையாகக் குறுகிக்கொண்டே வந்த காலத்திலும் வரைந்து, வாழ்த்து அட்டைகளாக்கி ஊருக்கெல்லாம் போய்ச் சேரவைத்தார். அவர் காட்டினார், நான் சாய்ந்த கோபுரத்துக்காக ஒளிந்தேன்! நினைத்தால் சிரிப்பாய் வருகிறது.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டி வலிக்கும். குளத்துக் கொசு கடிக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் உங்களைத் துரத்திவிடும். ஒருவர் நடைப்பயிற்சி போகிற வேகத்தில், “இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ நேரம், மொபைல்ல ஒரு கிளிக் போதாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் போனவர் திரும்பி வந்து கடைசிவரைக்கும் நின்று பார்த்தார், ஆகவே அதைக் குறைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்!

அதனால், இங்கே பாருங்கள், இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கண்காட்சி வேண்டாம், சட்டம் போட்டு மாட்ட வேண்டாம். தரை போதும். ஒரு ஆளைக் கூப்பிடுங்கள், ஓவியம் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்று அவசியமே இல்லை, தெரியாதவராக இருந்தால் இன்னும் உத்தமம், படத்தில் இருக்கிற இடத்தைத் தெரிந்தவராக இருந்தால் ஜாக்பாட்! உங்கள் தெரு என்றால் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் காட்டுங்கள், பஸ் ஸ்டாண்டு என்றால் அங்கே டீ ஆற்றுகிறவரிடம் காட்டுங்கள், அவர்கள் உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள் எந்தக் கண்ணாடி டம்ளரை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று. “சுமாராத்தான் வந்திருக்கு” என்று மட்டும் முன்னாலேயே சொல்லாதீர்கள், சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை, வாய்தான் வலிக்கும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையில் குளத்தின் மேற்குக் கரைக்கு வந்துவிடுங்கள், உங்கள் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தை வைக்கிறேன், சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தால் உங்களுக்கே தைரியம் வந்துவிடும். தை பிறந்ததும் அந்தப் பூக்கடையை வழிய வழியப் பூவோடு வரையப்போகிறேன், பூக்காரம்மாவின் உத்தரவு. ஒன்றே ஒன்று, குடைக்கு எதிரே அந்தச் சின்ன நிழல் இருக்கிறதே, அது என் இடம், எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்!